பாடம் 9: ஒரு விரல் நீள மீனும் ஒரு பெரிய ஆறும்

மாணவர்களே, உங்கள் நடுவிரலை நீட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த அளவுதான் இருக்கும், இன்று நாம் படிக்கப்போகும் மீன். உடம்பு வெள்ளி மாதிரி மின்னும். அதனால் இதற்கு வெள்ளி மின்னோ என்று பெயர். அமெரிக்காவில் ரியோ கிராண்டே ஆற்றில் வாழ்கிறது.

இது யாருக்குச் சொந்தக்காரன்?

கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் வைப்போம் இல்லையா? விஞ்ஞானிகளும் உயிரினங்களை அப்படித்தான் அடுக்குகிறார்கள்.

வகுப்பு: கதிர்த்துடுப்பு மீன்கள்
வரிசை: சிப்ரினிஃபார்மிஸ்
குடும்பம்: லூசிசிடே
பேரினம்: ஹைபோக்னாத்தஸ்
சிற்றினம்: ஹைபோக்னாத்தஸ் அமாரஸ்

பாட்டி சொல்லும் கெண்டை மீனும், ஊரில் குழம்பு வைக்கும் அயிரை மீனும் இதே வரிசையைச் சேர்ந்தவைதான். அப்படிப் பார்த்தால் வெள்ளி மின்னோ நம் ஊர் அயிரைக்குத் தூரத்துச் சொந்தம்!

எங்கே வாழ்கிறது?

ரியோ கிராண்டே, கொலராடோ மலைகளில் பிறந்து, நியூ மெக்சிகோ வழியாக ஓடி, டெக்சாஸுக்கும் மெக்சிகோ நாட்டுக்கும் எல்லையாக நின்று, கடைசியில் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் நியூ மெக்சிகோவின் வடக்கிலிருந்து கடல் அருகே வரை இந்த மீன் இருந்தது. இன்று கோச்சிட்டி அணைக்கும் எலிஃபண்ட் பியூட் நீர்த்தேக்கத்துக்கும் நடுவில்தான் இயற்கையாக வாழ்கிறது. அது பழைய இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆழம் குறைந்து, மெதுவாகத் தண்ணீர் ஓடும் மணல் பகுதிதான் இதற்குப் பிடிக்கும். அடியில் படியும் பாசியைத் தின்னும்.

ஏன் குறைந்துபோனது?

வசந்த காலத்தில் மலைப்பனி உருகும். ஆற்றில் வெள்ளம் வரும். மீனுக்கு அதுதான் அழைப்பு மணி! உடனே முட்டை போடும். அந்த முட்டை கல்லிலோ செடியிலோ ஒட்டாது. அடியில் போய்ப் படியவும் படியாது. ஓடும் தண்ணீரோடு உருண்டுகொண்டே போகும். ஒன்றிரண்டு நாளில் குஞ்சு வெளியே வரும். குஞ்சும் சில நாள் நீரோட்டத்தோடு போகும்.

பழைய காலத்தில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கீழே போன மீன்கள் வளர்ந்து, மறுபடி மேலே நீந்தி வரும். இப்போது நடுவில் அணைகளும் தடுப்புச் சுவர்களும் இருக்கின்றன. கீழே போன மீன் திரும்பி வர முடியாது. நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டால், அங்கே பெரிய மீன்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. கோடைக்காலத்தில் ஆற்றின் சில பகுதிகள் காய்ந்து வெறும் மணலாகிவிடும். 2022 ஜூலையில், சுமார் 40 வருடங்களுக்குப் பிறகு, ஆல்புகெர்க்கி நகரத்துக்குள்ளேயே ஆறு காய்ந்தது. இந்த மீன்களில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வருடம்தான் வாழும். அதனால் தொடர்ந்து இரண்டு வருடம் மழையும் பனியும் பொய்த்தால், என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

யார் காப்பாற்றுகிறார்கள்?

1994இல் அமெரிக்க அரசு இதை அழிந்துவரும் உயிரினம் என்று அறிவித்தது. ஆறு காயும்போது ஆய்வாளர்கள் வலையும் வாளியுமாக இறங்குவார்கள். குட்டைகளில் மாட்டிய மீன்களைப் பிடித்து, தண்ணீர் ஓடும் இடத்தில் விடுவார்கள். வசந்தத்தில் மிதந்து வரும் முட்டைகளைச் சேகரித்து, தொட்டிகளில் வளர்த்து, ஆற்றில் விடுவார்கள். 2008இல் டெக்சாஸின் பிக் பெண்ட் பகுதியிலும் மீன்களை விட்டார்கள்.

ஆனால் மீனை வளர்த்தால் மட்டும் போதுமா? போதாது. ஆற்றில் தண்ணீர் வேண்டுமே! அதே தண்ணீர்தான் விவசாயியின் வயலுக்கும் போகிறது. நகரத்து வீடுகளுக்கும் போகிறது. விவசாயி கெட்டவர் இல்லை. அவருக்கும் பயிர் வாட முடியாது. எல்லோருக்கும் தாகம், ஆறு ஒன்றுதான். அதனால்தான் இது சுலபமான கணக்கு இல்லை.

இந்த மீன் இருந்தால், ஆறு இன்னும் உயிரோடு ஓடுகிறது என்று அர்த்தம். உங்கள் வீட்டுப் பக்கத்து ஆற்றிலோ ஏரியிலோ என்ன மீன் இருக்கிறது? இந்த வாரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

புதிய சொற்கள்

சிற்றினம் – ஒரே வகை உயிர்களின் கூட்டம்
நீர்த்தேக்கம் – அணை கட்டித் தண்ணீர் சேர்த்துவைக்கும் இடம்
குட்டை – சின்னதாகத் தேங்கிய தண்ணீர்
பொய்த்தல் – வர வேண்டிய மழை வராமல் போதல்

பதில் எழுதுக

1. வெள்ளி மின்னோ எப்போது முட்டை போடும்?
2. கீழே போன மீன் ஏன் திரும்பி வர முடியவில்லை?
3. ஆறு காயும்போது ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள்?

பேசிப் பழகுவோம்

மூன்று பேர் சேருங்கள். ஒருவர் விவசாயி, ஒருவர் நகரவாசி, ஒருவர் மீன். மேசையில் ஒரு குவளைத் தண்ணீர் வையுங்கள். எப்படிப் பங்கு போடலாம் என்று தமிழில் பேசி முடிவு செய்யுங்கள். மீனுக்கு வாய் இல்லை என்று யாரும் அதை விட்டுவிடக் கூடாது!