ஆற்றுச் சுவரில் எழுந்த வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சலஸ் பெருநகரின் வடபால், டுஜங்கா என்னும் ஓடை செல்கின்றது. ஓடை என்றதும் நாணலும் மணலும் நினைவிற்கு வரும். அங்கே அவற்றைக் காண்டல் அரிது. 1938ஆம் ஆண்டில் பெருவெள்ளம் அந்நகரைச் சூறையாடியது. அதன்பின் இராணுவப் பொறியாளர்கள் அப்பகுதியின் ஆறுகளைக் கான்கிரீட்டுக் கால்வாய்களாக மாற்றினர். வெள்ளம் அடங்கிற்று, ஆறோ நிலத்தின்மேல் நெடியதொரு வடுவாயிற்று.

1974இல் அவ்விடத்தை அழகுபடுத்த எண்ணிய பொறியாளர்கள், மெக்சிகோ வழிவந்த ஜூடி பாக்கா என்னும் ஓவிய அம்மையாரை அழைத்தனர். பூவும் கொடியும் தீட்டியிருந்தாலும் எவரும் குறை கூறியிரார். அவரோ, பாடநூல்கள் கூறாது விட்ட எளிய மக்களின் வரலாற்றை அச்சுவரில் எழுத விழைந்தார். அவரும் நண்பர்களும் 1976இல் நிறுவிய சமூகக் கலை நிலையம் இப்பணியை ஏற்றது.

தூரிகை ஏந்தியவர் யாவர்? முதற்கோடையில் வந்தோர் ஏறத்தாழ 80 இளைஞர். சிறார் குற்றங்களை விசாரிக்கும் துறையினர் அனுப்பியவர்கள் அவர்கள். பல இனத்தாராகிய அவர்களுள், தம் தெருவைத் தாண்டி அயலாரோடு பழகியறியாதாரும் உளர். வரலாற்றறிஞர் வந்து உரையாற்றினர். ஓவியர் உடனிருந்து கற்பித்தனர்.

மாரியில் கால்வாயில் நீர் பாயுமாதலின், கோடையே வேலைக்குரிய காலம். கான்கிரீட்டுச் சுவரோ வெயிலை வாங்கி அனலாய்க் கக்கும். தாளில் வரைந்த சிறு படத்தைக் கட்டங்களாகப் பகுப்பர். சுவரிலும் அவ்வாறே பெருங்கட்டங்கள் இடுவர். ஒவ்வொரு கட்டத்திலுள்ள கோட்டையும் அதற்குரிய பெருங்கட்டத்தில் பெரிதாக்குவர். நம் ஊர்ச் சுவர் விளம்பர ஓவியரும் கையாளும் முறையன்றோ இது! ஒருவன் கட்டம் பிழைத்தால் அயலான் வரைந்த முகம் கோணும். ஆகவே, பேச விரும்பாதாரும் பேசியே தீரவேண்டியதாயிற்று.

இருப்புப்பாதை அமைத்த சீனத் தொழிலாளர், 1930களில் நாடுகடத்தப்பட்ட மெக்சிகோ வழியினர், 1942இல் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வழியினர் ஆகியோர் அச்சுவரில் இடம்பெற்றனர். தம் பாட்டனார் பட்ட துன்பத்தைத் தம் கையாலேயே தீட்டும் வாய்ப்பு, அப்பிள்ளைகள் பலர்க்கு அங்கே கிட்டியது.

1983ஆம் ஆண்டு முடிய ஐந்து கோடைகளில் 400க்கும் மேற்பட்ட இளைஞரும் அவர்தம் குடும்பத்தாரும் உழைத்தனர். சுமார் 13 அடி உயரமும் 2,754 அடி நீளமும் உடையதாய் ஓவியம் வளர்ந்தது. வெயிலில் மங்கிய வண்ணங்கள் 2011இல் புதுக்கப்பெற்றன. 2017இல் அது நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. ஓவியத்திலுள்ள வரலாறு பெரும்பாலும் 1950களோடு நின்றிருந்தது. அதற்குப் பிற்பட்ட காலத்தைத் தீட்டும் பணியைப் பாக்கா அம்மையார் முதுமையில் மீண்டும் தொடங்கினார்.