உடல் பருமன்: பொடி போட்டால் கரையுமா?

"டாக்டர், ஒரே மாசத்துல அஞ்சு கிலோ குறைஞ்சுட்டேன். ஆனா மாடிப்படி ஏறினா கால் வெடவெடன்னு நடுங்குது!"

என்னிடம் வந்த ஒரு குடும்பத் தலைவி இப்படித்தான் ஆரம்பித்தார். வயது நாற்பதுக்குள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. 'மூலிகைப் பொடிதான், பக்க விளைவே கிடையாது' என்று சொல்லி யாரோ விற்றது. முகர்ந்து பார்த்தேன். நிலாவாரை வாடை!

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளியே போகுதும்மா?"

"நாலைந்து தடவை, டாக்டர்."

நிலாவாரை நல்ல மூலிகைதான். மலச்சிக்கலுக்கு நாங்களும் சில நாட்களுக்குக் கொடுக்கிறோம். அது வேலை செய்வது பெருங்குடலில். நீங்கள் சாப்பிட்ட மாவும் கொழுப்பும் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே தராசில் குறைந்தது கொழுப்பு அல்ல, தண்ணீர்! கூடவே பொட்டாசியம் என்ற உப்பும் போய்விடும். அவருடைய கால் நடுக்கத்துக்குக் காரணம் அதுதான் என்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. இது முற்றினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

சித்தம் சொல்வது என்ன?

உடற்கட்டுகள் ஏழில் நான்காவது கொழுப்பு. ஐயம் மிகுந்து, செரிமானத் தீ மந்தப்பட்டு, இந்தக் கட்டு அளவு மீறுவதை 'அதிதூலம்' என்கிறோம். இனிப்பு, எண்ணெய்ப் பண்டம், பகல் தூக்கம், உழைப்பின்மை ஆகியவை ஐயத்தை வளர்ப்பவை. ஆகவே மருந்தோடு இவற்றையும் மாற்றச் சொல்வதுதான் சித்த வைத்தியம்.

தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவற்றாலும் எடை கூடலாம். முதலில் அதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

ஒரு டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை மணி அடித்துவிட்டது என்று அர்த்தம்.

கொள்ளு கொழுப்பைக் கரைக்குமா?

'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது பழமொழி. ஆனால் மூன்று இட்லி, வடை, அதற்கு மேல் ஒரு டம்ளர் கொள்ளு ரசம் என்றால் பலன் இல்லை. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு. அதனால் பசி தாங்கும். ஒரு பிடி கொள்ளை ஊறவைத்து வேகவைத்து, சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் சாப்பிடுங்கள். உஷ்ண உடம்புக்காரர்கள் வாரம் இரண்டு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெந்நீரில் தேன்? தேனும் இனிப்புதான். ஒரு மேஜைக்கரண்டியில் ஏறக்குறைய 60 கலோரி இருக்கிறது. வெறும் வெந்நீரே போதும்.

திரிகடுகு (சுக்கு, மிளகு, திப்பிலி சம அளவு) மந்தத்தை நீக்கும். திரிபலா (கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய்) மலத்தை ஒழுங்காக்கும். இவை துணை மருந்துகள். அளவை உங்கள் நாடியும் உடல்வாகும் பார்த்து வைத்தியர் சொல்லட்டும். வயிற்றுப்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக எடுக்கக் கூடாது.

மீன் குழம்பில் போடும் கொடம்புளியின் சத்து, மாத்திரையாகவும் விற்கிறது. 1998-ல் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு எடை அதிகமாகக் குறையவில்லை. குழம்பில் போடுங்கள், அது போதும்!

விளம்பரத்தை நம்பலாமா?

உடல் பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954-ம் வருடச் சட்டப்படி குற்றம். இன்னொரு ஆபத்தும் உண்டு. சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து, மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2011-ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. 'மூலிகை' என்ற பெயரில் வந்த பல மெலிவுப் பொருட்களில் அதைக் கலந்திருந்ததை வெளிநாட்டு ஆய்வுகள் கண்டுபிடித்துள்ளன. லேபிளும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள்.

அப்படியானால் வழி?

ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள். தினமும் 45 நிமிடம் வேகமான நடை. மாதம் இரண்டு கிலோ குறைந்தாலே நல்ல வேகம்தான். 80 கிலோ இருப்பவர் நாலு கிலோ குறைத்தாலும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்க ஆரம்பிக்கும். நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, தைராய்டு மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்த அம்மாவின் பொடியை நிறுத்தியதும் மூன்று கிலோ திரும்ப ஏறியது. அழுதே விட்டார். "அது தண்ணீர்தாம்மா, பயப்படாதீங்க" என்றேன். ஆறு மாதம் கழித்து வந்தபோது நிஜமாகவே ஏழு கிலோ குறைந்திருந்தார்.

"இப்ப மாடி ஏறினா?" என்று கேட்டேன்.

"துணி காயப் போட தினம் நாலு தடவை ஏறி இறங்கறேன், டாக்டர்!"