மணியின் நாட்களை எண்ணும் முறை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மணியின் இரத்தப் பரிசோதனைத் தாளை மடித்து உன் கடிதத்தோடு வைத்து அனுப்பியிருந்தாய். கிரியாட்டினின் 5.8 என்றிருந்த இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, கீழே "மணி பிழைப்பானா, பெரியப்பா?" என்று எழுதியிருந்தாய். உனக்குப் பதினைந்து வயதாகிறது. அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாயின் சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால் பங்கு கெட்ட பிறகுதான் கிரியாட்டினின் ஏறத் தொடங்கும். 5-ஐத் தாண்டினால் நோயின் கடைசிக் கட்டம் என்று கணக்கு. எலிக்காய்ச்சல் போல ஏதாவது ஒன்று திடீரென்று தாக்கியிருந்தால் மீள வழி இருந்திருக்கும். ஆனால் மணிக்கு 13 வயது. ஆறு மாதமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தான், மெலிந்துகொண்டே வந்தான் என்கிறாய். இது மெல்ல மெல்ல வந்த நோய், குணமாகாது. வாந்தியை நிறுத்தலாம். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளலாம். குமட்டலையும் வாய்ப்புண்ணையும் தணிக்கலாம். இனி வைத்தியம் என்பது இவ்வளவுதான். அதில் பாதி உன் கையில் இருக்கிறது.

உங்கள் ஊர் டாக்டர் தோலுக்கடியில் சலைன் ஏற்றக் கற்றுக்கொடுத்தார் அல்லவா? அவர் சொன்ன அளவை மீறாதே. ஏற்றுவதற்கு முன் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான நீரில் வைத்து, ஒரு சொட்டைக் கையில் விட்டுப் பார். குளிர்ந்த நீர் தோலுக்குள் இறங்கினால் அவன் உடம்பு நடுங்கும். ஏற்றிய இடம் சின்னத் திமில் போல உப்பும். பயப்படாதே, சில மணி நேரத்தில் வடிந்துவிடும். நீர்ச்சத்து இருக்கிறதா என்று தோலைக் கிள்ளிப் பார்க்கச் சொல்வார்கள். கிழ நாய்க்கு, அதுவும் மெலிந்துபோன நாய்க்கு, அது சரியாகக் காட்டாது. உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பார். ஈறு விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் நீர் குறைந்திருக்கிறது.

சோற்றை வாயில் திணிக்காதே. குமட்டலோடு இருப்பவனுக்கு அது வேதனை. முதலில் குமட்டலுக்கு மருந்து கொடுத்துவிட்டு, பிறகு டாக்டர் சொன்ன உணவைக் கொஞ்சம் சூடாக்கி மூக்கருகே காட்டு. வீட்டிலிருக்கும் வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்கவே கூடாது. இபுபுரூஃபன் நல்ல சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

"அவன் முனகவே இல்லையே, வலி இல்லைதானே?" என்று கேட்டிருந்தாய். நாய் பெரும்பாலும் வலியைச் சத்தம் போட்டுச் சொல்லாது. கூப்பிட்டால் வராமல் கட்டிலுக்கடியில் போய்ப் படுக்கும். முதுகை வளைத்து நிற்கும். ராத்திரியெல்லாம் இடம் மாற்றி மாற்றிப் படுக்கும். மணி எங்கே படுக்கிறான், எப்படிப் படுக்கிறான் என்று கவனி.

அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடு. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஏழு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்: வலி, பசி, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்பது. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். வலி குறைந்தால் மதிப்பெண் கூடும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் கவனிப்பைத் தொடரலாம். மகிழ்ச்சிக்கு நீ போடும் மதிப்பெண் மணிக்கு உரியதாக இருக்கட்டும். அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கேட் வரைக்கும் ஓடுவான் என்று எழுதியிருந்தாயே, இன்று ஓட முடியாவிட்டாலும் தலையைத் தூக்குகிறானா? வால் நுனி அசைகிறதா? தினமும் சாயங்காலம் அதைப் பார்த்து எழுது. நாம் நாளை, அடுத்த மாதம், தீபாவளி என்று எண்ணுகிறோம். அவனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. இன்றைய பொழுது எப்படிப் போனது என்பதுதான் அவனுக்கு வாழ்க்கை. அவன் பொழுதை அவன் பக்கம் நின்று பார்ப்பதைத்தான் நான் கருணை என்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் "எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றாராமே. அப்படி விடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று அப்பாவை அவரிடம் சொல்லச் சொல். 13 வருடம் வாசலைக் காத்தவன் அவன் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

மதிப்பெண் இறங்கிக்கொண்டே போய், மருந்தாலும் அவனுக்கு நல்ல பொழுது ஒன்றைக்கூடத் தர முடியாத நிலை வரலாம். அப்போது டாக்டர் 'தூங்க வைப்பது' பற்றிப் பேசுவார். அது பாவமா என்று நீ கேட்காமல் கேட்டிருப்பது எனக்குப் புரிகிறது. முதலில் மயக்க ஊசி போடுவார்கள். அவன் அசந்து தூங்கிய பிறகு, இரத்தக் குழாய் வழியாக அளவுக்கு மீறிய மயக்க மருந்து. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது, ஒரு பெருமூச்சும் வரலாம். முன்னமே தெரிந்திருந்தால் நீ பதறமாட்டாய். வலிக்கு முடிவு அதுவாக மட்டுமே இருக்கும்போது அதைச் செய்வது பாவம் இல்லை, பாப்பா. உன் வசதிக்காகச் செய்தால்தான் தவறு.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரியவர் தன் நாயைச் சைக்கிள் கேரியரில் சாக்கு விரித்துக் கொண்டுவந்தார். அவர் அழுவதைப் பார்க்க மனம் பொறுக்காமல், "நீங்கள் வெளியே இருங்கள் ஐயா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நான் ஊசி போட்டது அந்த நாய்க்குப் பொருட்டாகவே இல்லை. கண் சொருகும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பிறகு நான் யாரையும் வெளியே அனுப்பியதில்லை.

அதனால் அந்த நாள் வந்தால், அவன் முகத்துக்கு நேரே உட்கார். காதின் பின்பக்கம் தடவிக்கொடு, பெயரைச் சொல்லிக் கூப்பிடு. அழுகை வந்தால் அழு, ஆனால் எழுந்து போகாதே.

அதுவரை அவனுக்கு இன்னும் பொழுதுகள் இருக்கின்றன. இன்று சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் வால் அசைந்ததா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா