கார்புரேட்டருக்கும் மூச்சு வேண்டும்

1955-இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டுகள் தயாரானது நம் திருவொற்றியூரில்தான். அப்படி ஒரு பழைய புல்லட் என் மாமாவிடம் உள்ளது. எண்ணூர் சாலையில் கொஞ்ச தூரம் ஓடியதும் நின்றுவிடும். புது கார்புரேட்டர் போடணும் என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டார். மாமாவுக்கு அது ஒரு வாரக் கூலி. "நம்ம வீட்ல மொதல்ல படிக்கிறவன் நீதான்டா, பாரு" என்றார். எனக்குப் பயம்தான்.

பழைய கார்புரேட்டர்களில் பொதுவாக மூன்று வகை ஹோஸ்கள் இருக்கும். டேங்க்கிலிருந்து வருவது பெட்ரோல் ஹோஸ். பக்கவாட்டில் மெல்லியதாக இருப்பது வென்ட். மிதவை அறையின் அடியில் இருப்பது ஓவர்ஃப்ளோ.

வென்ட் வழியே வெளிக்காற்று மிதவை அறைக்குள் அழுத்தினால்தான் பெட்ரோல் ஜெட்டில் ஏறும். அடைத்தால் இன்ஜினுக்குப் பட்டினி! மாமா வண்டியில் வென்ட் ஹோஸ் பேட்டரிப் பெட்டிக்கடியில் நசுங்கிக் கிடந்தது. கழற்றிவிட்டு ஓட்டினோம், நிற்கவே இல்லை.

புது ஹோஸை மடிப்பில்லாமல், சேறு படாத இடத்தில் முடித்தேன். ஓவர்ஃப்ளோவைச் சைலன்சரிலும் பின்டயரிலும் சொட்டாதபடி நேராகக் கீழே விட்டேன். அதில் பெட்ரோல் ஒழுகினால் அடைக்காதீர்கள், ஊசி வால்வைப் பாருங்கள்.

செலவு ஒரு முழம் ஹோஸ்தான். பாகத்தை மாற்றும் முன் அதன் வேலையைக் கேளுங்கள், நண்பர்களே!