அலுவலகக் கணிப்பொறிகளும் வலையமைப்பு நிர்வாகியும்

கோப்புகள் மேசைக்கு மேசை நகர்ந்த காலத்தில், எவர் எந்தக் கோப்பைப் பார்த்தார், எவர் ஒப்பமிட்டார் என்பதைப் பதிவேடு காட்டியது. இன்று கோப்புகள் கணிப்பொறிக்குள் சென்றுவிட்டன. அப்பதிவேட்டைக் காக்கும் கடமை வலையமைப்பு நிர்வாகியைச் சேர்ந்துள்ளது. பழுது நீக்குவது அவரது பணியில் ஒரு பகுதியே. ஊழியர்க்கு உரிய அதிகாரத்தை வரையறுப்பதும், ஒவ்வொரு செயலுக்கும் பொறுப்பாளர் உண்டு என்பதை உறுதி செய்வதுமே அதன் சாரமாகும்.

தனித்த அடையாளம்

அல்சூரில் 30 கணிப்பொறிகள் கொண்ட ஓர் அலுவலகம் இருப்பதாகக் கொள்வோம். வசதி கருதி அனைவரும் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்துகின்றனர். ஒரு நாள் முக்கியமான பதிவு ஒன்று திருத்தப்படுகிறது. திருத்தியவர் யார் என்று எவராலும் கூற இயலாது. குற்றமற்றவரும் ஐயத்திற்கு ஆளாவார்.

கர்நாடக அரசு இச்சிக்கலைப் 'பூமி' திட்டத்தில் எதிர்கொண்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி நில ஆவணங்கள் அத்திட்டத்தின்கீழ்க் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. ஆவணங்களைக் கையாளும் தாலுகா அலுவலர்கள் விரல் ரேகையைப் பதித்தே உள்நுழைய வேண்டுமென வகை செய்யப்பட்டது. கடவுச்சொல்லைப் பிறருக்குக் கூறலாம். விரலைக் கடனாகக் கொடுக்க இயலாது.

அளவான அதிகாரம்

கடிதம் தட்டச்சு செய்பவருக்குப் புதிய மென்பொருளை நிறுவும் அதிகாரம் தேவையில்லை. நிர்வாகியும் தமது அன்றாட மின்னஞ்சலைச் சாதாரணக் கணக்கிலிருந்தே பார்த்தல் வேண்டும். மாறுதலாகிச் செல்பவரின் கணக்கு அன்றே மூடப்படல் வேண்டும்.

காலத்தில் திருத்தம்

2017 மார்ச்சில் விண்டோஸின் குறைபாடு ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. மே 12-இல் பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' என்னும் தீய நிரல், அத்திருத்தத்தை ஏற்காத கணிப்பொறிகளை முடக்கியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இரு மாதத் தாமதத்தின் விலை அது.

பிரிவினையும் காப்புப்படியும்

2022 நவம்பரில் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன. புறநோயாளிகள் பதிவு பல நாட்கள் கையால் நடைபெற்றது. வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாமையே காரணம் என நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. கணக்குப் பிரிவின் கணிப்பொறியிலிருந்து பொதுமக்கள் ஆவணங்களுக்குத் தடையற்ற வழி இருத்தலாகாது. காப்புப்படி ஒன்று வலையமைப்புக்கு வெளியே இருத்தல் வேண்டும். அதனை மீட்டுப் பார்க்கும் ஒத்திகையும் தேவை.

அச்சமற்ற அறிவிப்பு

செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, கணிப்பொறிப் பாதுகாப்புக்கு நேரும் ஊறுகளை 6 மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும். இயக்கப் பதிவுகளை 180 நாட்கள் பேணுதல் வேண்டும். ஆயினும் ஆணை மட்டும் போதாது. ஐயத்திற்குரிய மின்னஞ்சலைத் தவறுதலாகத் திறந்த எழுத்தர், தண்டனைக்கு அஞ்சி மறைப்பாராயின் அந்த 6 மணி நேரமும் வீணாகும். உடனே சொல்பவரைக் கடிந்துகொள்ளாத நிர்வாகியே தமது வலையமைப்பின் உண்மை நிலையை அறிவார். கட்டுப்பாடு ஏன் விதிக்கப்பட்டது என்பதை ஊழியர்க்கு விளக்குவதும் அவரது கடமையே. அவ்வலுவலகத்தின் வாயிலில் காத்திருக்கும் குடிமகனுக்கு உரிய சேவை தடையின்றிக் கிடைப்பது இக்கடமைகளைப் பொறுத்தே அமையும்.