வெட்டுக்கு ஏற்ற உடை

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் பயிரிட்டதே மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர் தோட்டம் என்பர். அன்று முதல் கத்தி, மங்கு, வாளி ஆகியவற்றைப் பற்றிப் பேசியிருக்கிறோம். பால்மரம் வெட்டுவோரின் உடையைப் பற்றிப் பேசியது குறைவு. “காட்டுக்குப் பழைய சட்டை போதாதா?” என்பதே நம் வழக்கம். உலர்ந்த பால்கறை போகாதாகையால் பழைய சட்டையை நாம் குறை கூறவில்லை. எந்தப் பழைய சட்டை என்பதே கேள்வி.

மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் விடியற்காலையிலேதான் பால் நன்கு வடியும். அப்பொழுது குளிரும் கொசுவும் நம்மைச் சூழ்ந்திருக்கும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சூரியன் உதித்த பின்னரும் மறைவதற்கு முன்னரும் மிகுதியாகக் கடிக்கும். மழைநீர் தேங்கிய மங்கிலும் அது முட்டையிடும். வெட்டில்லாத நாள்களில் மங்குகளைக் கவிழ்த்து வைப்பது அதனாலேயே. பால் எடுக்கும் வேளையிலோ வெயில் ஏறிவிடும். ஒரே உடை இரு பொழுதுக்கும் உதவவேண்டும்.

வியர்வை ஆவியாகும்பொழுது உடற்சூட்டையும் கொண்டு செல்கிறது. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதியாதலால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உடலை இறுக்கும் நைலான் சட்டையும், நனைந்தால் கனக்கும் தடித்த ஜீன்ஸும் அதனை மேலும் தடுக்கும். காற்று புகும் தளர்ந்த முழுக்கைப் பருத்திச் சட்டையும் மெல்லிய நீண்ட சிலுவாரும் கொசுவுக்கும் வெயிலுக்கும் ஒருங்கே காப்பாகும். கைலி கட்டும் பெண்கள் அதனுள்ளே சிலுவார் அணிவது நன்று.

நிறத்தில்தான் சிக்கல். கறை தெரியாதிருக்கக் கருஞ்சட்டையை நாடுகிறோம். கருநிறமோ வெயிலை உறிஞ்சும், கொசுவையும் ஈர்க்கும். வெளிர்நிறச் சட்டை அணிந்து, முன்புறம் கருந்துணியொன்றை இடுப்பில் கட்டிக்கொண்டால் கறை அத்துணியோடு நின்றுவிடும். செலவு சிறிதே. பால் தெறித்தால் உலருமுன் நீரில் அலசிவிட வேண்டும்.

பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரங்கள் இலையுதிர்க்கும். நிழல் மறைந்து, நிரை முழுவதும் வெயில் பாயும் அக்காலத்தில் கழுத்தையும் காதையும் மறைக்கும் அகன்ற விளிம்புத் தொப்பி தேவை. இருட்டில் தலைவிளக்குக்குத் தொப்பி இடையூறாதலால், அதனை வாளியோடு கொண்டு சென்று விடிந்தபின் அணியலாம். காலுக்கு ரப்பர் பூட்ஸ். சிலிப்பர் முள்ளுக்கும் பாம்புக்கும் காப்பாகாது.

மருந்து தெளிப்போர் நிலை வேறு. அவர்கள் கையுறை, முகமறைப்பு, மேலங்கி ஆகியவற்றை விடலாகாது. அவ்வுடையைக் குடும்பத் துணிகளுடன் சேர்த்துத் துவைக்கவும் கூடாது. மூடிய உடையில் சூடு விரைவில் ஏறுமாதலால் காலையிலேயே தெளித்து முடித்து, இடையிடையே நிழலில் கைகழுவி நீர் பருகவேண்டும். எவருக்கேனும் தலைசுற்றிப் பேச்சுத் தடுமாறினால், உடனே நிழலில் கிடத்தி, மேலங்கியைக் களைந்து, உடலை நீரால் நனைத்து விசிறியபடியே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.