ஊழ்வினையும் நம் உரிமையும்

நம் பட்டினப்பாக்கத்தின் பெயர், சிலப்பதிகாரம் கூறும் புகார் நகரத்துப் பட்டினப்பாக்கத்தை நினைவூட்டுகின்றது. பெருவணிகர் வாழ்ந்த பகுதி அது. புகாரினின்று மதுரை சென்ற கோவலனைச் சமணத் துறவியாகிய கவுந்தியடிகளின் துணையும் காக்க இயலவில்லை. முற்பிறப்பில் அவன் பரதன். சங்கமன் என்னும் வணிகனை ஒற்றனெனப் பழிசுமத்திக் கொல்வித்தான். அப்பழியே கள்வனென்னும் பழியாய்த் திரும்பியது.

அங்ஙனமாயின் பாண்டியன் குற்றமற்றவனோ? அல்லன். கோவலனின் வினை கோவலனுடையது; ஆராயாது ஆணையிட்டது பாண்டியனின் செயல். அதனை உணர்ந்தே அவன் உயிர்நீத்தான்; ஊழின்மீது பழிபோடவில்லை.

பழவினை உதயமாகுங்கால் இன்பதுன்பம் வந்தே தீரும். அவ்வேளை கோபத்தாலும் அவசரத்தாலும் புதுவினை கட்டுவதோ, பொறுமையால் தவிர்ப்பதோ நம் கையிலுள்ளது. பிறர்மீது பழிகேட்கும்போது நாம் ஆராய்கின்றோமா? சிந்திப்போமாக.